ஸ்க்ரீண்ட் ஷெல்டர் கேபின் அல்ல

ஹூஸ்டனிலிருந்து ஜூலையில் இரண்டு பிள்ளைகளோடு டெக்சாஸின் ஹன்ட்ஸ்வில் ஸ்டேட் பார்க் போக ‘ஸ்க்ரீண்ட் ஷெல்டர்’ பதிவு செய்ததாகச் சொல்கிறீர்கள். அதைக் கேபின் என்று நினைத்துவிட்டீர்கள் போல. கூரை, தரை, சுவருக்குப் பதில் கொசுவலை, அவ்வளவுதான். ஏசி கிடையாது. பைன் காட்டில் ராத்திரியானால் குளிரும் என்பதெல்லாம் கொடைக்கானல் கணக்கு. இங்கே விடிய விடியப் புழுங்கும், துவைத்த துண்டு மறுநாளும் ஈரமாகவே தொங்கும்.

முடிந்தால் நவம்பருக்குத் தள்ளிவையுங்கள். கிழக்கு டெக்சாஸின் கேடோ ஏரிப் பூங்காவில் 1930களில் கட்டிய கேபின்களில் ஏசி உண்டு, சைப்ரஸ் மரங்களும் அப்போது செம்பட்டை நிறமாகியிருக்கும்.

ஜூலைதான் என்றால் கொசுவைவிடச் சிக்கருக்குப் பயப்படுங்கள். கண்ணுக்கே தெரியாத பூச்சி; சாக்ஸ் விளிம்பிலும் இடுப்புப் பட்டையிலும் கடித்து ஒரு வாரம் சொறிய வைக்கும். பெர்மெத்ரின் என்ற, துணியில் அடிக்கும் பூச்சி மருந்தைக் கிளம்பும் முன்பே சாக்ஸிலும் பேண்டிலும் அடித்துக் காயவிடுங்கள், தோலில் படக்கூடாது. நடந்து வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள், உண்ணி இருக்கிறதா என்று பிள்ளைகளின் காது மடல் பின்னாலும் பாருங்கள். அப்புறம், ஹன்ட்ஸ்வில் பூங்கா ஏரியில் முதலை உண்டு. கரையோரம் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள்.