கப்பல் கரண்ட் கேள்வி பதில்: ஒரு ஃபீடர்ல ஃபால்ட், கப்பல் முழுக்க இருட்டு, ஏன்?

கேள்வி: சார், நான் கன்டெய்னர் கப்பல்ல இடிஓ, அதாவது கப்பலோட எலெக்ட்ரிக்கல் ஆபீசர். 450 வோல்ட், 1500 கேவிஏ ஜெனரேட்டர் நாலு. ஆங்கர்ல நிக்கும்போது ஒரே ஜெனரேட்டர்தான் ஓடுச்சு, அப்போ ரீஃபர் (குளிர்பதன கன்டெய்னர்) பேனல்ல ஷார்ட் ஆகி, அந்தப் பேனலுக்குக் கரண்ட் போற லைனோட 800 ஆம்ப் ஃபீடர் பிரேக்கர் அப்படியே இருக்க ஜெனரேட்டர் பிரேக்கர் ட்ரிப் ஆகி பிளாக்அவுட். முன்னாடி மூணு ஜெனரேட்டர் ஓடுறப்ப இதே இடத்துல ஃபால்ட் வந்தப்போ ஃபீடர் மட்டும் ஒழுங்கா ட்ரிப் ஆச்சு. பிரேக்கர் கெட்டுப்போச்சா? செட்டிங் ஷீட் அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, ஷீட்டைப் பாத்தா பிரேக்கர் மேல சந்தேகப்பட வேண்டியதில்ல, செட்டிங்தான் பிரச்சனை. ஃபீடர்ல ஷார்ட் டைம் பிக்கப் (பிரேக்கர் ஃபால்ட்னு எண்ண ஆரம்பிக்கற கரண்ட்) 10 மடங்கு, அதாவது 8000 ஆம்ப், டிலே (ட்ரிப் ஆக காத்திருக்கற நேரம்) 0.2 செகண்ட், இன்ஸ்டன்டேனியஸ் (காத்திருக்காம உடனே ட்ரிப் ஆகறது) ஆஃப். ஜெனரேட்டர்ல 2.5 மடங்கு, சுமார் 4800 ஆம்ப், டிலே 0.4 செகண்ட். நேரத்தை மட்டும் பாத்தா ஃபீடர்தான் முந்தணும், ஆனா கப்பல்ல ஃபால்ட் கரண்ட் கரை கிரிட்ல வர்ற மாதிரி ஒரே அளவுல நிக்காது, ஜெனரேட்டர் பக்கத்துலயே இருக்கறதால முதல் சில சைக்கிள்ல உச்சத்துக்குப் போயி கடகடன்னு இறங்கிடும்.

உங்க ஜெனரேட்டர் ஒண்ணோட ஃபுல் லோடு 1925 ஆம்ப். சப்ட்ரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (ஷார்ட் ஆன முதல் நொடித்துளில ஜெனரேட்டர் கரண்டைத் தடுக்கற அளவு) 15 சதவீதம்னு ஷீட்ல போட்டிருக்கு, அப்போ பஸ்பார்லயே (எல்லா ஜெனரேட்டரும் சேர்ற மெயின் கம்பி) ஷார்ட்னா ஆரம்பத்துல 12.8 கிலோ ஆம்ப் தரும், ரீஃபர் பேனல் வரைக்கும் கேபிள் போனா ஒரு 11 வச்சுக்கலாம். ஃபீடர் பிரேக்கர் அதைப் பாத்து எண்ண ஆரம்பிச்சிருக்கும், ஆனா 0.2 செகண்ட் முடியறதுக்குள்ள கரண்ட் 8000க்குக் கீழ இறங்கிடுது, பிரேக்கர் ரீசெட் ஆயிடுது, அவ்ளோதான், அது கடைசி வரைக்கும் ட்ரிப் ஆகாது. ஏவிஆர் (ஜெனரேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்தற கருவி) ஃபீல்டைத் தூக்கிக் கொடுத்து குறைஞ்சது 3 மடங்கு கரண்டை 2 செகண்ட் தாங்கணும்னு கிளாஸ் (கப்பலுக்குச் சான்று தர்ற அமைப்பு) ரூல் கேக்கறதே இந்த பிரேக்கர்கள் வேலை செய்யணும்னுதான். அந்த 3 மடங்கு உங்களுக்கு 5800 ஆம்ப். ஜெனரேட்டர் பிரேக்கரோட 4800க்கு மேல இருக்கு, ஃபீடரோட 8000க்குக் கீழ இருக்கு. 0.4 செகண்ட்ல யாரு ட்ரிப் ஆவாங்கன்னு நீங்களே பாருங்க. மூணு ஓடுறப்ப கரண்ட் இறங்கினாலும் 8000க்கு மேலயே நின்னுது, அதனாலதான் அன்னைக்கு ஃபீடர் ட்ரிப் ஆச்சு.

ஃபீடர் பிக்கப்பை 4 மடங்கு, 3200க்கு இறக்கலாம்னு தோணுது. ஆனா பிளாக்அவுட்டுக்கு அப்புறம் ரீஃபர் எல்லாம் ஒண்ணா ஸ்டார்ட் ஆச்சுன்னா அந்தக் கரண்ட் 3200ஐ தொடக்கூடாது, அதைச் சரிபார்த்துட்டு, ஆபீஸ் மூலமா கிளாஸ் ஒப்புதல் வாங்கிட்டுதான் டயலைத் தொடணும். யாரோ ஒருத்தர் எப்பவோ தேவையில்லாத ட்ரிப் வருதுன்னு பிக்கப்பை ஏத்தியிருக்கலாம், நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருப்பாங்க, ஆனா ஒரு பிரேக்கரோட செட்டிங் மேல கீழ இருக்கற எல்லா பிரேக்கரையும் சேர்ந்தது.

இதோட மறுபக்கமும் இருக்கு. நாலும் பேரலல்ல ஓடுறப்ப 51 கிலோ ஆம்ப், ஓடுற மோட்டார்கள் தர்றதையும் சேர்த்தா இன்னும் மேல, முதல் பீக் 110ஐத் தாண்டும். நிறைய பேர் அந்தப் பெரிய நம்பருக்கு மட்டும் ஸ்டடி போட்டு முடிச்சிடறாங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஒரு ஜெனரேட்டர் ஓடுற ராத்திரியையும் ஐஇசி 61363 (கப்பல் ஷார்ட் சர்க்யூட் கணக்குக்கான ஸ்டாண்டர்ட்) முறைல கணக்கு போட்டே ஆகணும்.

இன்னொண்ணு பாருங்க, வெளில எங்க ஃபால்ட் ஆனாலும் ஒரு ஜெனரேட்டர் பிரேக்கர் பாக்கறது அந்த ஜெனரேட்டரோட 12.8 மட்டும்தான். ஆனா அதே ஜெனரேட்டருக்குள்ளயோ அதோட கேபிள்லயோ ஷார்ட்னா மத்த மூணும் சேர்ந்து 38 கிலோ ஆம்ப் அது வழியா உள்ள பாயும். அதனால ஜெனரேட்டர் பிரேக்கரோட இன்ஸ்டன்டேனியஸை அசிமெட்ரியோட (ஷார்ட் ஆன உடனே கரண்ட் அலை ஒரு பக்கமா ஏறி நிக்கறது) சேர்த்து 12.8க்கு நல்லா மேல, ஒரு 25 கிட்ட வச்சா, நாலும் ஓடுறப்ப கெட்டுப்போன ஜெனரேட்டர் மட்டும் உடனே கழண்டுக்கும். ரெண்டே ஓடுறப்ப இது உதவாது, அதுக்கு டிஃபரன்ஷியல் (ஜெனரேட்டரோட ரெண்டு பக்கக் கரண்டையும் ஒப்பிட்டுப் பாக்கற பாதுகாப்பு) இருந்தா நல்லது.

கேள்வி: 800 ஆம்ப், 65 கிலோ ஆம்ப் ஃபால்ட் வரைக்கும் உடைக்கக்கூடிய பிரேக்கருக்கு ஸ்பேர் கிடைக்கல. அதே 800 ஆம்ப்ல 36 கிலோ ஆம்ப் இருக்கு, தற்காலிகமா போடலாமா?

பதில்: போடாதீங்க. ஆம்ப் ரேட்டிங் சாதாரண லோடுக்கு, கிலோ ஆம்ப் ரேட்டிங் அந்தக் கெட்ட நிமிஷத்துக்கு. உங்க பஸ்பார்ல 51 வருதுன்னா 36 பிரேக்கர் அதை உடைக்க முடியாம பேனலுக்குள்ளயே வெடிக்கலாம், முன்னாடி ஆள் நிக்கலாம். வேற வழியே இல்லன்னா அந்த ஃபீடரை ஐசொலேட் பண்ணி வச்சுட்டு அடுத்த போர்ட்ல வாங்குங்க.

கேள்வி: ரிலே எல்லாம் டிஜிட்டல், தானே செல்ஃப் செக் பண்ணிக்குது. செகண்டரி இன்ஜெக்ஷன் டெஸ்ட் (ரிலேக்கு வெளில இருந்து கரண்ட் கொடுத்துப் பாக்கறது) எதுக்கு?

பதில்: செல்ஃப் செக் ரிலேயோட உள்பக்கத்தை மட்டும் பாக்கும், சிடி (கரண்டை அளந்து ரிலேக்குக் கொடுக்கற டிரான்ஸ்ஃபார்மர்) வயரையோ பிரேக்கரைத் திறக்கற ட்ரிப் காயிலையோ பாக்காது. 2010 செப்டம்பர் 23 விடிகாலை பார்சிலோனா பக்கத்துல குயின் மேரி 2 கப்பல்ல ஹார்மோனிக் ஃபில்டர் (கரண்ட் அலைல வர்ற கோணலைச் சரிபண்ற கருவி) கப்பாசிட்டர் கெட்டுப்போயி வெடிச்சு, நாலு ப்ரொபல்ஷன் மோட்டாரும் நின்னு, கப்பல் பிளாக்அவுட் ஆச்சு. யாருக்கும் அடி படல. பிரிட்டன் கடல் விபத்து விசாரணைப் பிரிவு பாத்தப்ப, கப்பாசிட்டர் கெடுதுன்னு முன்கூட்டியே சொல்ல அங்க இருந்த ஒரே சாதனம் கரண்ட் இம்பேலன்ஸ் டிடெக்டர், அது பல வருஷமா வேலையே செய்யலன்னு தெரிஞ்சுது. இன்ஜெக்ட் பண்ணுங்க, பிரேக்கர் நிஜமாவே திறக்குதான்னு கண்ணால பாருங்க, எத்தனை மில்லிசெகண்ட்னு ஷீட்ல எழுதி ஸ்டடில போட்டிருக்கற நேரத்தோட ஒப்பிடுங்க.