அரசு ரயிலைத் தனியார் ஒப்பந்ததாரர் இயக்குவது என்றால் என்ன?

ரயில் பொதுச் சொத்தாகவே இருக்க, அதை ஓட்டிப் பராமரிக்கும் வேலையை மட்டும் ஒரு நிறுவனம் கூலிக்குச் செய்வது. அமெரிக்காவின் பாஸ்டன் புறநகர் ரயில்களை 2014 முதல் கியோலிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இயக்குகிறது. கட்டணத்தை முடிவு செய்வது எம்.பி.டி.ஏ. என்ற பொது அமைப்பு.

ஏன் இப்படி? ரயில் இயக்க உரிமம் பெற்ற ஓட்டுநர்களும் பணிமனை அனுபவமும் வேண்டும். அவற்றைப் புதிதாக உருவாக்குவதைவிட டெண்டர் விடுவது எளிது.

சொந்தக் காருக்கு ஏஜென்சி வழியே டிரைவர் வைப்பது போலத்தான். கார் பழசானால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. சிக்கலும் இங்கேதான்: தாமதத்துக்கு அபராதம் உண்டு, ஆனால் கோளாறு பழைய எஞ்சினாலா, பராமரிப்புக் குறைவாலா? இதைப் பிரித்தறியும் விதி ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருந்தாக வேண்டும்.

"ரயிலையே விற்றுவிட்டார்கள்" என்று பலர் நினைப்பது தவறு. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வெளியேறுவது நிறுவனம்தான், ரயில் அல்ல.