கயிற்றுக்கு வெளியே நிற்கும் கூட்டம்: ரைடர் கோப்பை கேள்வி பதில்

2025 செப்டம்பரில் நியூயார்க் பக்கம் பெத்பேஜ் மைதானத்தில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி நடந்தது. அங்கே ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துவிட்டு சேலம் நண்பர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெங்களூரில் பல வருடம் கேடியாகவும் (ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாள்) கேடி மாஸ்டராகவும் (கேடிகளுக்கு மேலாள்) இருந்துவிட்டு ஏற்காட்டுக்கே திரும்பி வந்தவன் நான். அதனால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டியிலிருந்து: கோல்ஃப் தனி ஆளா ஆடுறதுதானே சார், இதுல டீம் எங்க வந்துச்சு?

வருடம் முழுக்கத் தனி ஆள்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் அமெரிக்காவிலிருந்து 12 பேர், ஐரோப்பாவிலிருந்து 12 பேர் மூன்று நாள் மோதுவார்கள். இப்போது மொத்தம் 28 ஆட்டம். ஒவ்வொன்றிலும் அதிகக் குழிகளை ஜெயிக்கும் பக்கத்துக்கு ஒரு புள்ளி, சமமாக முடிந்தால் ஆளுக்கு அரை. 1927-ல் அமெரிக்கா, பிரிட்டன் போட்டியாகத் தொடங்கியது. கோப்பையைக் கொடுத்தவர் சாமுவேல் ரைடர் என்ற விதை வியாபாரி. 1979-லிருந்துதான் எதிரணி முழு ஐரோப்பாவாக ஆனது. ஆடுகிறவர்களுக்குப் பரிசுத் தொகைக்காக ஆடும் போட்டி இல்லை இது. கொடிக்காக ஆடுகிறார்கள். கூட்டத்துக்கு வெறி ஏறுவதும் அதனால்தான்.

குகையிலிருந்து: பெத்பேஜ்ல அப்படி என்னதாங்க நடந்துச்சு?

கூட்டத்துக்குக் குறி ஐரோப்பிய அணியின் ரோரி மெக்கில்ராய். அவர் பந்தை அடிக்க நிற்கும்போது கத்துவது, அவருடைய குடும்ப விஷயத்தை இழுத்துப் பேசுவது என்று போனது. சனிக்கிழமை காலை முதல் டீயில் (முதல் பந்தை அடிக்கும் இடம்) கூட்டத்தை உற்சாகப்படுத்த மைக்கோடு நிறுத்தியிருந்த அறிவிப்பாளரே அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டும் கோஷத்தில் சேர்ந்துகொண்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு விலகினார். அன்றைக்கே மொத்தம் உள்ள 18 குழிகளில் 16-ஆவதில் மெக்கில்ராய் அடிக்கப் போனவர் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து "வாயை மூடுங்கள்" என்று அவரும் கெட்ட வார்த்தை சேர்த்தே சொன்னார். அடுத்து அடித்த பந்து குழிக்குச் சில அடி தள்ளி வந்து நின்றது. மீதிக் குழிகள் தேவைப்படாமல் அந்த ஆட்டத்தை அங்கேயே அவரும் அவருடைய ஜோடி டாமி ஃப்ளீட்வுட்டும் ஜெயித்து முடித்துவிட்டார்கள். கூடுதல் போலீஸை இறக்க வேண்டி வந்தது.

பிற்பகலில் கூட்டத்திலிருந்து பறந்து வந்த மதுக் கோப்பை அவர் மனைவியின் தொப்பியில் பட்டது. மற்றதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் இதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பெண் மட்டையே தொடவில்லை. புருஷன் ஆடுவதைப் பார்க்க நடந்து வந்தவர்.

ஆத்தூர் கபடி வீரர்: எங்களுக்குக் காது கிழியக் கத்துவாங்க, அதுக்குள்ளதான் ரெய்டு போறோம். கோல்ஃப் ஆடுறவங்களுக்கு மட்டும் என்னங்கண்ணா அப்படி ஒரு அமைதி?

நியாயமான கேள்வி தம்பி. பணக்காரர்கள் விளையாட்டு, அதனால் பிகு பண்ணுகிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். காரணம் அது இல்லை.

கபடியில் எதிராளி அசைகிறான், நீ அதற்குப் பதிலாக அசைகிறாய். யோசிக்க நேரமில்லை, சத்தம் காதில் ஏறாது. கோல்ஃப் பந்து சும்மா கிடக்கிறது. அசைவை நீயே தொடங்க வேண்டும். மட்டையைப் பின்னால் தூக்கிக் கீழே கொண்டுவர ஒன்றரை விநாடிகூட ஆகாது. அதற்குள் எதிர்பாராமல் ஒரு சத்தம் வந்தால் மணிக்கட்டு இறுகிவிடும். மட்டை முகம் ஒரு நூல் திரும்பினாலும் இருநூறு கஜத்தில் பந்து காட்டுக்குள் போய்விடும்.

கேடி வேலையில் சேர்ந்த அன்றைக்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். சட்டைப்பையில் சில்லறை குலுங்கக் கூடாது. பையில் மட்டைகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தளம்) நிற்கும்போது உன் நிழல் பந்துக்கும் குழிக்கும் நடுவில் விழக் கூடாது. ஆடுகிறவர் கண் ஓரத்தில் நீ தெரியவே கூடாது.

ஆனால் ஒன்று. தொடர்ந்து வரும் சத்தம் அவ்வளவாகக் கெடுக்காது, திடீரென வருவதுதான் கெடுக்கும். 2012 ரைடர் கோப்பையில், மெடைனாவில் அமெரிக்காவின் பப்பா வாட்சன் "இன்னும் கத்துங்கள்" என்று கூட்டத்தைக் கையசைத்துக் கேட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்குள்ளேயே முதல் டீயில் அடித்தார். எதிரணி இயன் போல்ட்டரும் அப்படியே செய்தார். ரசிகனுக்கும் ஆடுகிறவனுக்கும் ஒப்பந்தம் இருந்தால் சத்தம்கூட அழகுதான். அமைதியாக இருப்பதுபோல் இருந்து, மட்டை மேலே போன நொடியில் ஒருவன் மட்டும் கத்துகிறானே, அவன் திருடன்.

சூரமங்கலத்திலிருந்து: பெத்பேஜ்ல ஒரு நாள் டிக்கெட் 750 டாலராமே. அவ்ளோ குடுத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணுமா?

வேண்டாம். பாடலாம், ஆடலாம், எதிரணியைக் கிண்டல் பண்ணலாம். பந்து அடிக்கும் அந்தச் சில நொடி மட்டும் சும்மா இருந்தால் போதும்.

நல்ல கிண்டலுக்கு உதாரணம் வேண்டுமா? 2016-ல் ஹேஸல்டீனில் பயிற்சி நேரம். ஐரோப்பிய வீரர்கள் 12 அடி தூர பட் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி) ஒன்றைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டார்கள். பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு வெளியே நின்ற அமெரிக்க ரசிகர் ஒருவர் "இதை நானே போடுவேன்" என்று குரல் கொடுத்தார். அவரை உள்ளே கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார்கள். ஜஸ்டின் ரோஸ் 100 டாலர் நோட்டைத் தரையில் வைத்தார். மனிதர் போட்டே விட்டார்! இரண்டு பக்கமும் ஓடிவந்து கட்டிக்கொண்டது. அதே மைதானத்தில் போட்டி நாட்களில் மெக்கில்ராயை ஆபாசமாகத் திட்டிய இன்னொருவரை வெளியேற்றவும் வேண்டியிருந்தது. இருவரும் அமெரிக்க அணியின் ரசிகர்கள்தான். ஆட்டத்தைக் கிண்டல் பண்ணு, ஆளைப் பண்ணாதே. இந்த வித்தியாசம் சேலத்தில் எந்தத் தெருமுனைப் பையனுக்கும் தெரியும்.

அம்மாப்பேட்டையிலிருந்து: கூட்டம் கெட்டுப் போகுதுன்னா தப்பு யார் மேலங்க?

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கயிற்றுக்கு உள்ளே இருப்பவர்கள் மேல்தான் முதல் பங்கு.

1999, பாஸ்டன் பக்கம் ப்ரூக்லைன். முந்தின நாள் 10-6 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா கடைசி நாள் விடாமல் துரத்தியது. 17-ஆவது கிரீனில் அமெரிக்காவின் ஜஸ்டின் லெனர்ட் சுமார் 45 அடியிலிருந்து பட் போட்டார். உடனே வீரர்கள், மனைவிமார்கள், இன்னும் யார் யாரோ கிரீனுக்குள் ஓடிக் குதித்தார்கள். எதிரில் ஸ்பெயின்காரர் ஒலாசாபல் தன் பந்தோடு நிற்கிறார். அவர் போட்டிருந்தால் அந்தக் குழி சமம், கோப்பையும் இன்னும் கைக்கு எட்டாமலே இருந்திருக்கும். அவர் மறுபடி நிதானித்துப் போட வேண்டியதாயிற்று, தவறிவிட்டது. அமெரிக்கா 14.5-13.5 என்று வென்றது. அன்று பகல் முழுக்க ஐரோப்பிய வீரர் காலின் மாண்ட்கோமரியைக் கூட்டம் வசைபாடியதில் அவருடைய அப்பா தாங்க முடியாமல் மைதானத்தை விட்டே போய்விட்டார். வீரர்களே கிரீனில் ஏறிக் குதித்தால் வெளியே நிற்பவனிடம் எந்த வாயால் அடக்கம் கேட்பது?

அதே நாள், அதே மைதானம், இன்னொரு ஆள்: பெய்ன் ஸ்டூவர்ட். மாண்ட்கோமரிக்கு எதிராக ஆடியவர் அவர்தான். தன் நாட்டு ரசிகர்கள் திட்டுவதைப் பார்த்து அவர்களை வெளியேற்றச் சொன்னவரும் அவர்தான். கோப்பை முடிவான பிறகு 18-ஆவது கிரீனில் மாண்ட்கோமரிக்கு நீளமான பட் பாக்கி. "இதை நீ போட வேண்டாம்" என்று அந்தக் குழியையும் ஆட்டத்தையும் கொடுத்துவிட்டுக் கை குலுக்கினார். ஒரு மாதத்தில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். கோல்ஃப் தெரிந்தவர்கள் அவர் பெயரை இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள்.

கல்லூரி மாணவி, ஏற்காடு நாகலூர்: பட் அடியை "போட வேண்டாம்"னு சொல்றது எல்லாம் விதியிலயே இருக்கா அண்ணா?

இருக்கிறது அம்மா. ஆளுக்கு ஆள் மோதும் ஆட்டத்தில், எதிராளி எப்படியும் போட்டுவிடுவார் என்று தோன்றினால் போட்டதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நாமே சொல்லலாம். சொன்ன பிறகு திரும்ப வாங்க முடியாது.

இதன் உச்சம் 1969, இங்கிலாந்தில் ராயல் பர்க்டேல். இரண்டு அணியும் சமம், கடைசி ஆட்டம், கடைசி குழி. அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பட் அடியைப் போட்டுவிட்டார். பிரிட்டனின் டோனி ஜாக்ளினுக்கு சுமார் இரண்டு அடி பாக்கி. தவறினால் அமெரிக்கா ஜெயிக்கும். நிக்லஸ் குனிந்து, பந்து இருந்த இடத்தில் ஜாக்ளின் வைத்திருந்த அடையாளக் காசை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். நீ தவறவிட்டிருக்க மாட்டாய், ஆனாலும் அந்த வாய்ப்பை உனக்குத் தர நான் தயாராக இல்லை என்ற பொருளில் பேசினார். 16-16, ரைடர் கோப்பையில் முதல் டை. அமெரிக்க கேப்டன் சாம் ஸ்னீடுக்குக் கோபம். இரண்டு அடியில்கூட நெருக்கடியில் கை நடுங்கும் என்பது நிக்லஸுக்கும் தெரியும், ஸ்னீடுக்கும் தெரியும். நான் நிக்லஸ் பக்கம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2015, ஜெர்மனியில் பெண்களுக்கான சோல்ஹைம் கோப்பை. அமெரிக்காவின் அலிசன் லீயின் பந்து குழியைத் தாண்டி ஒன்றரை அடி போய் நின்றது. விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து அவர் பந்தை எடுத்துவிட்டார். "நாங்கள் கொடுக்கவில்லை" என்றார் ஐரோப்பாவின் சூசன் பெட்டர்சன். விதிப்படி சரி, குழி ஐரோப்பாவுக்கு. லீ அழுதார், பெட்டர்சனின் ஜோடி சார்லி ஹல்லும் அழுதார். கொதித்துப் போன அமெரிக்கா 10-6 பின்தங்கலிலிருந்து எழுந்து 14.5-13.5 என்று ஜெயித்தது. மறுநாள் பெட்டர்சன் மன்னிப்புக் கேட்டார். 2019-ல் 18-ஆவது கிரீனில் ஐரோப்பாவுக்குக் கோப்பையை வென்று கொடுத்த பட் அவருடையது. அத்தோடு ஓய்வும் அறிவித்தார்.

ஓமலூரிலிருந்து: அப்ப ஐரோப்பாக்காரங்க எல்லாம் யோக்கியமா?

இல்லைங்க. 2023-ல் ரோமில் அமெரிக்கர் பேட்ரிக் கான்ட்லே தொப்பி இல்லாமல் ஆடினார். சம்பளம் கேட்டு எதிர்ப்பு காட்டுகிறார் என்று செய்தி பரவியது, அவர் மறுத்தார். கூட்டம் நாள் முழுக்கத் தங்கள் தொப்பிகளைக் கழற்றி ஆட்டியது. அதுவரை கிண்டல். ஆனால் அவர் கடைசிக் குழியில் பட் போட்டதும் அவருடைய கேடி தொப்பியைச் சுற்றிக்கொண்டு மெக்கில்ராய் பட் பண்ண இருந்த பாதையில் நின்றார். சண்டை கார் நிறுத்துமிடம் வரை போனது. கேடியாக இருந்தவன் சொல்கிறேன்: அடுத்தவர் பட் பாக்கி இருக்கும்போது கேடி ஓரமாகத்தான் நிற்க வேண்டும்.

மேட்டூரிலிருந்து: கூட்டத்து மேல பந்து பட்டா?

படும். 2018-ல் பாரிஸ் அருகே ப்ரூக்ஸ் கெப்கா அடித்த பந்து பட்டு ஒரு பெண் பார்வையாளருக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. பந்து வருகிறது என்ற எச்சரிக்கையாக "ஃபோர்" என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: இப்படித் திட்டுறதால சொந்த டீமுக்கு ஏதாச்சும் லாபம் உண்டா?

பெத்பேஜ் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாள் வசைக்குப் பிறகு ஐரோப்பா 11.5-4.5. ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் நன்றாக எழுந்து ஆடியும் முடிவு 15-13, கோப்பை ஐரோப்பாவுக்கு.

சின்னப்பம்பட்டி பக்கமிருந்து: நம்ம இந்திய ரசிகர்கள் எப்படிங்க?

இரண்டும் செய்திருக்கிறோம். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டனில் பாட்டில் எறிந்து ஆட்டத்தையே நிறுத்தினோம். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். அந்தத் துக்கத்தோடு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். நம் வீரர்கள் வெளிநாட்டில் வாங்கியதும் உண்டு. 2021-ல் சிட்னியில் சிராஜை இழிவாகப் பேசினார்கள் என்று ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். அடுத்த ஆட்டத்தில்தான் உங்கள் ஊர் நடராஜன் டெஸ்டில் அறிமுகமானார். அப்போது நாம் எல்லோரும் கொதித்தோம். மெக்கில்ராய் வீட்டாருக்கும் அதே கொதிப்புதான் இருந்திருக்கும்.

வாழப்பாடியிலிருந்து: டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல நான்தான் மைக் பிடிக்கிறேன். எதிர் ஊர்க்காரனை ஓட்டினாத்தான் கூட்டம் நிக்குது. என்ன பண்றதுங்க?

பெத்பேஜில் மரியாதை தொலைந்ததும் மைக்கில்தான், அதனால் உங்கள் கேள்வியைக் கடைசிக்கு வைத்தேன். எதிரணி வீரர்கள் பெயரை ஆட்டத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "அந்த வெளியூர்க்காரன்" என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் சிக்ஸர் அடித்தால் உங்கள் ஊர்ப் பையன் அடித்த அதே சுதியில் சொல்லுங்கள். தாய், தங்கை, சாதி, நிறம் பற்றி கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தால் கமென்ட்ரியை அங்கேயே நிறுத்திவிட்டு, கமிட்டி ஆளை அந்தப் பக்கம் அனுப்புங்கள். அவர் போய் நின்று, அந்தக் குரல் அடங்கிய பிறகு அடுத்த பந்தைப் போடச் சொல்லுங்கள்.