வலிப்பு வரும் 5 வயதுக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். எப்படித் தயார்படுத்துவது?

குழந்தையை விடுங்கள், முதலில் வீட்டுப் பெரியவர்களைத் தயார்படுத்துங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மாமியார் இருப்பார் என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

என் மகனுக்கு மூளை வாதம் (செரிபிரல் பால்சி), கூடவே வலிப்பு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூர் போய்த்தான் எடுத்தோம். பொதுவாகச் சாப்பாடு, மாட்டுப்பால் எல்லாம் 6 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், அதற்காக. "ஒரு வாய் பால்தானே, பிள்ளை முகம் வாடிப்போச்சே" என்று அத்தை ஆரம்பித்தார். யாரும் எதுவும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று அவரிடமே விட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாசமாக நீட்டிய முறுக்கை மறித்தது அவர்தான்!

வெறும் வயிறு என்றதும் சிலர் வலிப்பு மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், மயக்க டாக்டரைக் கேளுங்கள். எங்களுக்குக் காலை சிரப்பை வழக்கம்போலக் கொடுக்கச் சொன்னார்கள். சளி, இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நான் டாக்டர் இல்லை. "நீ யார் சொல்ல" என்று கமெண்டில் வராதீர்கள், உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

எம்ஆர்ஐ மெஷின் ஒரு பெரிய காந்தம், அதனால் அரைஞாண், கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கறுப்புக் கயிற்றில் கோத்த தாயத்தை அறுக்க அத்தைக்கு மனசு வரவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்து, சாமி படத்தடியில் வைத்த பிறகுதான் கிளம்பினார்.

மகனுக்கென்று செய்தது கொஞ்சம்தான். மயக்கம் கொடுக்க மாஸ்க் வைத்தால் பயப்படக் கூடாதே என்று, வீட்டிலிருந்த நெபுலைசர் மாஸ்க்கை அவன் அப்பா முகத்தில் வைத்து விளையாட விட்டோம். மெஷின் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டினேன், மோட்டார் கொட்டகைச் சத்தம் மாதிரி இருக்கவே சிரித்தான்.

நன்றாக விழித்த பிறகுதான் அனுப்புவார்கள். ஆனாலும் வழியில் திரும்பத் தூங்குவான். தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கும், தாடையைத் தூக்கியே பிடிக்க வேண்டும். முடிந்தால் கார் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது முடியவில்லை. பஸ்ஸில் மாற்றுத்திறனாளி அட்டையை நீட்டினால், "பையன் பார்க்க நல்லாத்தானே இருக்கான்" என்றார் கண்டக்டர். அட்டை கொடுத்தது அரசாங்கம், அளந்து பார்ப்பது இவர். மாற்றுத்திறனாளி சீட்டில் உட்கார்ந்திருந்த வாலிபர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. கம்பியில் சாய்ந்து நின்றபடி அத்தைதான் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.