பம்ப் மோட்டார் சுற்றும் பட்டறையில் ராணுவ ட்ரோன் மோட்டார் செய்ய முடியுமா?

கேள்வி: வணக்கம்ங்க ஐயா. கோயமுத்தூர் கணபதியில 22 வருசமா பட்டறை வெச்சிருக்கேனுங்க. ஸ்டாம்பிங், ஸ்டேட்டர் வைண்டிங், ரோட்டார் டர்னிங் எல்லாம் பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். ரண்டு வருசமா ஆர்டர் கொறஞ்சுட்டே வருதுங்க. பையன் மெக்கட்ரானிக்ஸ் முடிச்சுட்டு, ராணுவத்துக்கு ட்ரோன் பண்ணலாமுங்கறான். சிஎன்சியும் ஆட்டோமேட்டிக் வைண்டிங் மெசினும் வாங்க 40 லட்சம் கடன் எடுக்கோணுமாம். ராணுவ ட்ரோன்ல அப்படி என்ன கஷ்டம் இருக்குதுங்க? நம்ம பட்டறையால ஆகுமுங்களா? மொதல்ல எதை வாங்கறது?

பதில்: ஆகும்ங்க. முழு ட்ரோன் என்ற யோசனையை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு, அதன் மோட்டாரை மட்டும் கையில் எடுத்தால் நிச்சயம் ஆகும். கடன் மட்டும் இப்போது வேண்டாம். ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். உங்களைப் போலவே கேட்டு ஆவாரம்பாளையம், குறிச்சி பக்கமிருந்தும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் முழு ட்ரோன். சாமான் வாங்கிக் கோத்தால் நான்கு விசிறி ட்ரோன் ஒன்று ஒரு வாரத்தில் பறந்துவிடும். ராணுவம் கேட்பது வேறு. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய 'தபஸ்' ஆளில்லா விமானத்துக்கு முப்படைகள் வைத்த அளவுகோல் 30,000 அடி உயரமும் 24 மணி நேரப் பறப்பும். அது 28,000 அடியையும் 18 மணி நேரத்தையும் எட்டியது. அதுவே பெரிய சாதனை என்பேன். ஆனாலும் அளவுகோலைத் தொடவில்லை என்பதால் அந்தத் திட்டத்தின் முன்னுரிமை நிலை பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. எடை, எஞ்சின், எரிபொருள் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் கணக்கில் சிறிய குறை வந்தாலும் இப்படித்தான் முடிகிறது. அவ்வளவு ஆய்வகமும் ஆளும் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு பட்டறை முழு விமானத்தோடு தொடங்குவது சரியல்ல.

இப்போது முக்கியமான சவால், ஜாமிங், அதாவது எதிரி நம் சிக்னலை அடக்குவது. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் மிக மெலிந்துவிடுகிறது. தரையில் உள்ள, ரேடியோ அலை பரப்பும் சிறிய கருவி ஒன்றே அதை மூழ்கடித்துவிடும். ஜிபிஎஸ் போல நம் நாடே செய்த நாவிக் சிக்னலும் வானிலிருந்து மெலிந்து வருவதுதான், அதற்கும் இதே கதி. ரிமோட் சிக்னலையும் இதே வழியில் அடக்கலாம். உக்ரைன் போரில் 2024 முதல் மெல்லிய கண்ணாடி இழையைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்கள் வந்ததற்குக் காரணம் இதுதான், இழைக்குள் போகும் சிக்னலை ஜாமரால் தொட முடியாது. 2025 மே 8ஆம் தேதி இரவு நம் மேற்கு எல்லையில் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக அரசே அறிவித்தது. அவற்றில் பல ஜாமிங்கால் வீழ்த்தப்பட்டன. எதிரிக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று வைத்துத்தான் நம் படையினர் ட்ரோன் கேட்கிறார்கள்.

'இதெல்லாம் எலக்ட்ரானிக்ஸ்காரர் பாடு, மோட்டார்காரனுக்கு என்ன' என்று தோன்றும். தொடர்பு இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் போய்விட்டால் ட்ரோன் தன் கேமராவையும் உள்ளே இருக்கும் முடுக்க-சுழற்சி சென்சார்களையும் (வேகம் மாறுவதையும் திரும்புவதையும் அளப்பவை) நம்பித்தான் வழி கண்டுபிடிக்கிறது. அந்த முடுக்க சென்சாரில் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு பிசகு இருந்தால், அதை மட்டும் நம்பிப் பறக்கும்போது ஒரு நிமிடத்தில் சுமார் 18 மீட்டர் இடம் தவறும். நேரத்தின் வர்க்கத்தில் பிழை வளர்வதால் 10 நிமிடத்தில் 1.7 கி.மீ.க்கு மேல் போய்விடும். மோட்டார் அதிர்ந்தால் அந்தப் பிசகு கூடும், கேமரா படமும் கலங்கும். பம்ப் இம்பெல்லருக்கு ஜி 6.3 பேலன்சிங் தரம் வழக்கம், உங்களுக்குத் தெரியும் (எண் குறையக் குறைய அதிர்வும் குறைவு). இங்கே ஜி 2.5, முடிந்தால் அதைவிட நுணுக்கம் வேண்டும். ஆகவே உங்கள் ரோட்டார் பேலன்சிங் எவ்வளவு சுத்தமோ, ஜாமிங்கில் மாட்டிய ட்ரோன் அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும்.

இனி உங்கள் சொந்தத் தொழிலுக்கு வருவோம். பம்ப் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ், 2,880 ஆர்பிஎம். பாரம் தூக்கும் ட்ரோன் மோட்டார் வேறு மாதிரி. வெளியே சுற்றும் கிண்ணத்தின் உள்பக்கம் 28 காந்தங்கள் ஒட்டியிருக்கும் என்று வையுங்கள். அதாவது 14 ஜோடி. 4,500 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 75 சுற்று. 14 ஜோடியால் பெருக்கினால் 1,050 ஹெர்ட்ஸ். தகடுகளை அடுக்கிய உங்கள் இரும்புக் கோர் இதுவரை பார்த்ததைப் போல 21 மடங்கு. இரும்புத் தகட்டுக்குள் சுழலும் மின்னோட்டத்தால் வரும் இழப்பு இந்த எண்ணின் வர்க்கத்தில் ஏறும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால் 441 மடங்கு. பம்புக்கு வெட்டும் அதே 0.5 மி.மீ. தகட்டில் ட்ரோன் ஸ்டேட்டர் (கம்பி சுற்றிய, அசையாத பகுதி) செய்தவர்கள், மோட்டார் சும்மா சுற்றும்போதே கை வைக்க முடியாத சூடு என்று புலம்புவது இதனால்தான்.

வழி, தகட்டை மெலிதாக்குவது. 0.2 மி.மீ. சிலிக்கான் ஸ்டீலுக்கு வந்தால், தடிமனின் வர்க்கத்தில் இழப்பு குறைவதால், அந்த இழப்பு ஆறில் ஒரு பங்காகிறது. ஆனால் தகடு வெட்டும் பழைய டையில் (அச்சில்) இந்தத் தகடு ஓடாது. மேலிருந்து வெட்டும் பஞ்ச்சுக்கும் டைக்கும் உள்ள இடைவெளி மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் பிசிர் நிற்கும். பிசிர் ஒரு தகட்டை அடுத்த தகட்டோடு தொட வைத்தால் மெலிதாக்கிய பலன் முழுவதும் போய்விடும். இந்த டை வேலைக்குக் கோவையில் ஆள் உண்டு. நம் ஊரின் உண்மையான முதலீடு அந்த டை மேக்கர்களின் கை என்றே நினைக்கிறேன். முதல் சில கோர்களுக்கு டை அடிக்க வேண்டாம், ஒயர்கட்டில் (மின்பொறி ஓடும் மெல்லிய கம்பியால் வெட்டும் மெஷினில்) வெட்டிப் பாருங்கள். டிசைன் நிலைத்த பிறகு டை.

அடுத்தது உயரம். லடாக் எல்லையில் 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அதே விசிறி அதே பாரத்தைத் தூக்க, வேகம் சுமார் 29 சதவீதம் கூட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம். தூக்கும் பாரம் அதே என்றால் டார்க்கும் அதேதான், ஆம்பியரும் அதேதான். தாமிரத்தில் எழும் சூடு ஏறுவதில்லை. வேகம் கூடியதால் இரும்பில் எழும் சூடு கூடும். அதை எடுத்துப் போக வேண்டிய காற்றோ மெலிந்துவிட்டது. வெளியே மைனஸ் 20 டிகிரி குளிர் இருப்பது இதற்குக் கொஞ்சம் உதவும். அதே குளிரில் பேட்டரி சோர்ந்து வோல்டேஜ் இறங்கும், கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும் நேரம் பார்த்து. ஆகவே கம்பியின் சுற்று எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே இந்த வோல்டேஜ் இடைவெளியை விட்டு வைக்க வேண்டும். கோவை பெஞ்சில் அருமையாக ஓடும் மோட்டார் அங்கே போய் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கு விட்டுப்போனதால்தான். ராஜஸ்தானில் நிலைமை தலைகீழ். காற்று அடர்த்திதான், ஆனால் 50 டிகிரி வெயிலும் பேரிங்குக்குள் புகும் மணலும்.

சூடு பற்றிப் பேசும்போது என் அனுபவம் ஒன்று. ஆறு விசிறி ட்ரோனுக்கு ஆறு மோட்டார் செய்தோம். ஆறுக்கும் ஒரே டிசைன், ஒரே கம்பி, மின்தடை அளந்தால் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறது. ஓட்டினால் ஒன்று மட்டும் மற்றதைவிட வெகுவாகச் சுடுகிறது. பேரிங் மாற்றினோம், காந்தம் பார்த்தோம், இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் ஸ்டேட்டரை அறுத்துப் பார்த்தபோது ஸ்லாட்டுக்குள் வார்னிஷ் முழுதாக இறங்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே காற்று நின்றுவிட்டது, சூடு இரும்புக்குப் போக வழியில்லை. எந்த நாள், எந்த வார்னிஷ் டப்பா, எவ்வளவு நேரம் ஊறவைத்தோம் என்ற பதிவு எங்களிடம் இல்லை. மீதி ஐந்தையும் நம்ப முடியாமல் ஒதுக்க வேண்டியதாயிற்று. வெற்றிடத்தில் வார்னிஷ் ஏற்றும் முறையை அதன் பிறகு விட்டதே இல்லை. பதிவேட்டையும் விட்டதில்லை.

உங்கள் பட்டறையில் வைண்டிங் போடும் பெண்கள் பல ஆண்டு பழக்கம் உள்ளவர்களாக இருப்பார்கள். முதல் 50 மோட்டார் அவர்கள் கையாலேயே போகட்டும். ஸ்லாட்டில் கம்பியை நெருக்கி அடுக்குவதில் பழகிய கை பல மெஷின்களை மிஞ்சும். ஆட்டோமேட்டிக் மெஷினின் பலன் ஆர்டர் ஆயிரத்தைத் தொடும்போதுதான் தெரியும். கம்பியின் எனாமல் மட்டும் 180 டிகிரி தாங்கும் வகுப்புக்குக் கீழே வேண்டாம்.

காந்தம்தான் எனக்கு உண்மையில் கவலை தருவது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி வரைதான் உறுதி. மோட்டாருக்கு 150 டிகிரி தாங்கும் எஸ்ஹெச் ரகமோ 180 தாங்கும் யுஹெச் ரகமோ வேண்டும். அந்தத் தாங்குதிறனைக் கூட்ட வழக்கமாகச் சேர்ப்பது டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற அருமண் உலோகங்கள். 2025 ஏப்ரலில் சீனா இவை உட்பட ஏழு அருமண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. யாருக்கு, எதற்கு என்ற இறுதிப் பயன்பாட்டுச் சான்றும் கேட்கிறது. ராணுவத்துக்கு என்று எழுதிவிட்டு அங்கிருந்து காந்தம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இத்தனைக்கும் அருமண் தாது உள்ள மோனசைட் மணலை மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலேயே எடுக்கிறது. மண்ணிலிருந்து காந்தம் வரை உள்ள நடுப்படிகள்தான் நம்மிடம் போதவில்லை. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அது பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை ஜப்பான் போன்ற வேறு நாட்டுக் காந்தம் கிடைக்கும் வழியை எழுத்தில் உறுதி செய்யாமல் யாருக்கும் மோட்டார் விலை சொல்லிவிடாதீர்கள். டிசைனிலும் சூட்டைக் குறைத்தால் எளிய ரகக் காந்தம் போதுமா என்று பாருங்கள். மெலிந்த தகடும் நல்ல வார்னிஷும் இங்கேயும் கைகொடுக்கும்.

விற்பனை பற்றிச் சுருக்கமாக. ராணுவம் உங்களிடம் நேரடியாக மோட்டார் வாங்காது. ட்ரோன் செய்யும் கம்பெனி வாங்கும், ராணுவம் அந்தக் கம்பெனியிடம் ட்ரோன் வாங்கும். முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை, ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புத் துறைக்கும் மட்டும் விலக்கு. உதிரிபாகத்துக்குத் தடை இல்லை. அதனால் நம் நாட்டுக் கம்பெனிகள் பலவும் வெளிநாட்டு மோட்டாரைத்தான் மாட்டிக்கொண்டிருந்தன. இப்போது ராணுவ ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பாகமும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனிகளுக்கு உங்களைப் போன்றவர்கள் தேவைப்படும் நேரம் இது. கோவையும் சேலமும் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் இரண்டு. கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையத்துக்கு உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழோடு ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள். பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் திட்டத்தில் படைகள் அறிவிக்கும் சவாலுக்குத் தேர்வானால் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு, ஆனால் உங்கள் பங்கும் போட வேண்டும். மானியத்தை நம்பித் தொழில் தொடங்காதீர்கள்.

வாங்குகிறவர் கேட்பது அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்டு 810, நம் ராணுவத்தின் ஜேஎஸ்எஸ் 55555 போன்ற தரங்களின்படி அதிர்வு, வெப்பம், உப்புக்காற்று சோதனைச் சான்றுகள். மின்காந்தக் குறுக்கீட்டுக்கு மில்-ஸ்டாண்டர்டு 461. நூறாவது மோட்டாரும் முதல் மோட்டாரைப் போலவே இருக்கும் என்பதற்கான சாட்சியும் கேட்பார்கள். உங்கள் பதிவேடு அதற்குத்தான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது உந்துவிசை, டார்க், வேகம், ஆம்பியர், வோல்டேஜ், சூடு அனைத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் த்ரஸ்ட் ஸ்டாண்ட். மெக்கட்ரானிக்ஸ் படித்த உங்கள் பையனால் விசை அளக்கும் லோட் செல்லும் சூடு அளக்கும் தெர்மோகப்பிளும் வாங்கி அதன் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்ய முடியும். அவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை இல்லை. விசிறி பிய்ந்து பறந்தால் உயிருக்கு ஆபத்து, சுற்றிலும் இரும்புக் கூண்டு கட்டாயம். அடுத்து பேலன்சிங் மெஷின். மூன்றாவது, வெற்றிட வார்னிஷ் கலன். சிஎன்சி வேலையைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து வாங்குங்கள்.

பத்து மோட்டார் செய்யுங்கள். பத்தையும் ஸ்டாண்டோடு வேனில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோங்கள். 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்று ஏறக்குறைய 80 சதவீதம், வேகம் சுமார் 12 சதவீதம் கூட வேண்டியிருக்கும். கணபதியில் எடுத்த எண்களையும் அங்கே எடுத்த எண்களையும் அடுத்தடுத்து வைத்தால் லடாக் எப்படி இருக்கும் என்று கணக்கிட முடியும். மலையடிவாரத்திலேயே இப்படி ஒரு சோதனைக்கூடம் இருப்பது எல்லா ஊருக்கும் வாய்க்காது. பெஞ்சில் மட்டும் ஓட்டுங்கள். பறக்க விட்டுப் பார்க்கும் ஆசை வந்தால், கணபதி பீளமேடு விமான நிலையத்துக்கு வெகு அருகே இருப்பதால் 2021 ட்ரோன் விதிகளின்படி அனுமதி இல்லாமல் பட்டறை மாடியிலிருந்துகூடப் பறக்கவிட முடியாது. சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சைப் பகுதி (முன் அனுமதி தேவையில்லாத இடம்) பார்த்துவிட்டுத்தான் எதுவும்.

அந்தப் பத்து மோட்டாரின் பதிவேட்டோடு மூன்று ட்ரோன் கம்பெனிகளைப் பாருங்கள். ஒருவராவது மாதிரிக்கு எழுத்தில் ஆர்டர் கொடுத்தால், அந்தத் தாளோடு வங்கிக்குப் போங்கள்.