வாசகர் கேள்வி: குட்டைப் பையன் டிஃபென்ஸ் ஆடலாமா?

கேள்வி: அண்ணே, என் தங்கச்சி குடும்பம் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறது. மருமகனுக்கு 15 வயது, ஐஸ் ஹொக்கி ஆடுகிறான், டிஃபென்ஸ். நல்லாத்தான் ஆடுகிறானாம். ஆனால் உயரம் 5 அடி 6 அங்குலம்தான், இந்த உயரத்தில் டிஃபென்ஸுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், முன்வரிசைக்கு மாற்றிவிடுங்கள் என்று அங்கே ஒருத்தர் சொல்லிவிட்டாராம். தங்கச்சி போனில் ஒரே அழுகை. எங்கள் குடும்பத்தில் யாரும் 5 அடி 7ஐத் தாண்டியதில்லை. உயரம் அவ்வளவு முக்கியமா?
– ஹட்டன் வாசகர் ஒருவர்

பதில்: முதலில் தங்கச்சியை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். 15 வயதுப் பையனின் உயரத்தை வைத்து முடிவு கட்டுவது, கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கிற மலையைப் பார்த்துவிட்டு இனி இந்த மலையில் கொழுந்தே இல்லை என்று கணக்கு எழுதுவது மாதிரி. ஆனால் உயரத்துக்கு மதிப்பே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்தவும் மாட்டேன், அது பொய்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் ஒரு பனித்தளம், ஒரு பக்கத்துக்கு கோல் காப்பவரோடு 6 பேர், அதில் 2 பேர் டிஃபென்ஸ். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்எச்எல்லில் 32 அணிகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒரு தடவை 18 வயதை ஒட்டிய பையன்களை முறை போட்டு 7 சுற்றில் பொறுக்கி எடுப்பார்கள், அதற்குப் பேர் டிராஃப்ட். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரிதான், என்ன, இங்கே கூப்பிடப்படாத பேர்தான் அதிகம்.

இப்போது லேன் ஹட்சன் என்கிற பையனைப் பாருங்கள். உயரம் 5 அடி 9 அங்குலம். 2022இல் டிராஃப்டுக்கு வந்தபோது, எனக்கு இன்னும் எலும்பு வளரும் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் அணிக்காரர்களிடம் காட்டினான். வேலைக்கு நற்சான்றிதழ் கொண்டுபோவார்கள், உயரத்துக்குக் கடிதம் கொண்டுபோனதை நான் கேள்விப்பட்டது அப்போதுதான்! அப்படியும் 61 பேரை எடுத்து முடித்த பிறகுதான் மொன்ட்ரியல் அணி அவனை எடுத்தது. 2024-25 பருவத்தில் 82 ஆட்டமும் ஆடி 66 புள்ளி எடுத்தான் (கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்கு வழி செய்து கொடுத்தாலும் ஒரு புள்ளி), அதில் 60 கோலுக்கு வழி செய்து கொடுத்தது. முதல் பருவம் ஆடும் டிஃபென்ஸ்காரர்களில் 1980-81இல் லாரி மர்ஃபி வைத்திருந்த சாதனைக்கு அந்த 60 சமம். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கிண்ணமும் அவனுக்கே.

அவன் ஒருத்தன்தான் என்று நினைக்காதீர்கள். சிறந்த டிஃபென்ஸ்காரருக்கு நொரிஸ் கிண்ணம் என்று ஒன்று கொடுப்பார்கள். 2021இல் அதை வாங்கிய அடம் ஃபொக்ஸ் 5 அடி 11, டிராஃப்டில் 66ஆவது ஆள். 2022இலும் 2025இலும் வாங்கிய கேல் மகாரும் 5 அடி 11. 2024இல் வாங்கிய குவின் ஹியூஸ் 5 அடி 10. நம்ம ஊரில் 5 அடி 11 என்றால் பஸ்ஸில் தலை குனிந்து நிற்க வேண்டும், அங்கே டிஃபென்ஸில் அது சின்ன ஆள் கணக்கு.

இது எப்படி நடந்தது? 2004-05 பருவம் சம்பளத் தகராறில் முழுசாக நின்றுபோய், மறுபடி தொடங்கியபோது விதிகளை மாற்றினார்கள். அதற்கு முன்னால் ஒரு பெரிய டிஃபென்ஸ்காரர் தன்னைத் தாண்டி ஓடுகிறவனைக் மட்டையால் கொக்கி போட்டு, கையால் பிடித்து, மேலே சாய்ந்து நிறுத்திவிடலாம், நடுவரும் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். 2005க்குப் பிறகு அதற்கெல்லாம் விசில் விழுந்தது. பின்கோட்டிலிருந்து தூரமாக நீண்ட பாஸ் கொடுக்கவும் வழி திறந்தது. பிடித்து நிறுத்துகிறவனைவிட, வட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவனுக்கு மவுசு கூடியது.

டிஃபென்ஸ்காரரின் தினசரி வேலை என்னவென்று யோசியுங்கள். எதிரணி வட்டை நம் மூலைக்கு அடித்துவிட்டு அதன் பின்னாலேயே துரத்தி வரும், இவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிப்போய் அதை எடுக்க வேண்டும், பின்னால் 100 கிலோ ஆள் ஒருத்தன் மூச்சு விடுகிறான். இந்த இடத்தில் 6 அடி 4 இருந்தால் இடியைத் தாங்கலாம், சரி. ஆனால் போகிற வழியிலேயே இரண்டு தடவை தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து, யார் எங்கே வருகிறான் என்று தெரிந்துகொண்டு, இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கம் திரும்புகிறவனுக்கு இடியே விழாது. ஹியூஸும் ஹட்சனும் பிழைப்பது இப்படித்தான்.

அதனால் உங்கள் மச்சானிடம் ஒரு வேலை சொல்லுங்கள். பையனின் நாலைந்து ஆட்டத்தை போனில் எடுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து எண்ணட்டும்: வட்டை எடுக்கப் போகும்போது எத்தனை தடவை பின்னால் பார்த்தான், அவன் மட்டையிலிருந்து வட்டு எத்தனை தடவை நம் ஆளிடம் ஒழுங்காகப் போனது, எத்தனை தடவை பயத்தில் சும்மா விசிறி அடித்தான். அந்தக் கணக்கு நன்றாக இருந்தால் முன்வரிசைக்கு மாற்ற வேண்டாம். முன்வரிசையில் குட்டையானவர்களைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள் என்பது உண்மைதான், ஆனால் முழுத் தளத்தையும் பின்னாலிருந்து பார்த்துப் பழகிய கண்ணை வீணாக்கித்தான் அந்தச் சலுகையை வாங்க வேண்டியிருக்கும். கணக்கு மோசமாக இருந்தால் உயரம் 6 அடி இருந்தும் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று. மேலே சொன்ன ஹட்சன், ஃபொக்ஸ், மகார், ஹியூஸ் நாலு பேரும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடிவிட்டுத்தான் மேலே போனார்கள். பல்கலைக்கழகத்தில் ஆட்டம் குறைவு, ஜிம்மில் நேரம் கூட, மெதுவாக உடம்பு வைக்கிறவனுக்கு அது பெரிய அவகாசம். முன்பெல்லாம் மருமகன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின் மேல் மட்ட ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கதவு மூடிவிடும், 2025-26 பருவத்திலிருந்து அந்தத் தடை போய்விட்டது. மருமகன் படிப்பை விடாமல் இருந்தால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். தங்கச்சியிடம் இதையும் சொல்லுங்கள், அழுகை கொஞ்சம் குறையும்.

கேள்வி: சின்னவர்கள் இவ்வளவு நன்றாக ஆடுகிறார்கள் என்றால் அந்த அணிக்காரர்கள் ஏன் இன்னும் நெட்டையான டிஃபென்ஸையே தேடுகிறார்கள்? கோடிக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் முட்டாள்களா?
– பதுளையிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: முட்டாள்கள் இல்லை சார். நெட்டையானவருக்குக் கை எட்டும், மட்டை எட்டும். என்எச்எல்லில் மட்டையின் நீளம் 63 அங்குலம் வரைதான், 6 அடி 6 அல்லது அதற்கு மேல் உயரமானவர் கேட்டு வாங்கினால் 65 வரை வைத்துக்கொள்ளலாம். கையும் மட்டையும் சேர்ந்து நீட்டினால் எதிரி பாதித் தளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்புறம் கோல் வாயில். அங்கே நிற்கிற எதிரியைத் தள்ளி நகர்த்த வேண்டும், அதற்குப் புத்தியைவிட எடைதான் உதவும். வசந்த காலத்து நொக்-அவுட் ஆட்டங்களில் அந்த இடத்தில்தான் அடிபிடி. 2023இல் என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணம் வென்ற வேகாஸ் அணியின் முக்கியமான 6 டிஃபென்ஸ்காரர்களும் 6 அடியைத் தாண்டியவர்கள். (அதற்கு முந்தின வருடம் கொலராடோ வென்றபோது அந்த நொக்-அவுட் ஆட்டங்களின் சிறந்த வீரர் கேல் மகார், அதையும் மறக்க வேண்டாம்.)

எனக்கு உறுத்துவது உயரத்தைப் பார்க்கிறார்கள் என்பதல்ல, நெட்டையனுக்குக் காட்டுகிற பொறுமையைக் குட்டையனுக்குக் காட்டுவதில்லை என்பது. ஸ்டெனோ சாரா 6 அடி 9 அங்குலம், என்எச்எல்லில் ஆடியவர்களிலேயே உயரமானவர்களில் ஒருவர். 1996இல் 56ஆவதாக எடுத்தார்கள். எடுத்த நியூயோர்க் ஐலண்டர்ஸே 2001இல் ஒட்டாவாவுக்கு மாற்றிவிட்டது, நொரிஸ் வாங்கியது 2009இல், அதுவும் பொஸ்டனில், 2011இல் அந்த அணிக்கே தலைவராக ஸ்டான்லி கிண்ணம். எடுத்ததிலிருந்து நொரிஸ் வரை 13 வருடம் காத்திருக்கிறார்கள்! ஜேரட் ஸ்பர்ஜன் கதை வேறு. 5 அடி 9. 2008இல் 156ஆவதாக அதே ஐலண்டர்ஸ் எடுத்தது, ஒப்பந்தமே போடாமல் விட்டுவிட்டது. மினசோட்டா 2010இல் கூப்பிட்டு வைத்துக்கொண்டது, பிற்பாடு தலைவர் பொறுப்பும் கொடுத்தது. நெட்டையன் சொதப்பினால் உடம்பு இருக்கிறது, ஆட்டம் வரும் என்பார்கள், குட்டையன் சொதப்பினால் அப்பவே சொன்னேனே என்பார்கள். ஆள் எடுக்கிறவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறதில்லையா, நெட்டையனை எடுத்துத் தோற்றால் யாரும் திட்ட மாட்டார்கள்.

பிறந்த மாதமும் இதில் விளையாடுகிறது. கனடாவில் சிறுவர் ஹொக்கிக்கு வயது கணக்கு ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணி, நடுவில் 11 மாத வளர்ச்சி. மேல் மட்ட அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பதை 1980களிலேயே கனடாவில் எண்ணிக் காட்டிவிட்டார்கள். 10 வயதில் பெரிய பையன் என்று எடுத்தால் நல்ல பயிற்சி, நல்ல பயிற்சியால் நல்ல ஆட்டம், அப்புறம் பார்த்தீர்களா நாங்கள் சரியாகத்தான் எடுத்தோம் என்று பேச்சு.

கேள்வி: என் மகள் பாடசாலை 17 வயதுக்குட்பட்ட ஹொக்கி அணியில் பேக் ஆடினாள். இந்த வருடம் உயரமான பிள்ளைகள் வேண்டும் என்று அவளை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். புல்தரை ஹொக்கியில்கூட உயரம் வேண்டுமா?
– மாத்தளைத் தாய் ஒருவர்

பதில்: மாத்தளையிலிருந்து இந்தக் கேள்வியா அம்மா! நாட்டுக்கே ஹொக்கி ஆட்களைக் கொடுக்கிற ஊர் அது.

இதில் எனக்குச் சொந்தக் கதை உண்டு. நான் படித்த பாடசாலையில் (பேர் வேண்டாம்) என்னை ஃபுல் பேக்காகப் போட்டதற்கு ஒரே காரணம் நான் நெட்டை. ஆட்டம் சுத்தமாக வராது. பந்து காலுக்குக் கீழே போன பிறகுதான் எனக்கு முதுகு வளையும். மேல் டிவிஷன் லயத்திலிருந்து வந்த ஒரு பையன், என் தோளுக்குத்தான் இருப்பான், பந்து எங்கே வரும் என்று அடிக்கிறவனின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவான். அவன் வருடம் முழுக்க பெஞ்சில். கடைசி ஆட்டத்தில் எனக்குக் கால் பிசகி அவன் உள்ளே போனான், அன்றைக்கு எங்கள் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. அடுத்த வருடம் மறுபடியும் என்னைத்தான் எடுத்தார்கள், அது இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

புல்தரை ஹொக்கியில் உடம்பால் மோதினால் தவறு, பந்து பெரும்பாலும் தரையில், மட்டையின் நீளம் 105 சென்டிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நீளமான கை இருந்தால் விழுந்து தடுக்க உதவும், அவ்வளவுதான். குனிந்து நிற்கிற ஆட்டத்தில் குட்டையானவருக்கு இடுப்பு வலியாவது குறைவு. எதிரணிக்குத் தண்டனை அடி கிடைக்கிற பெனல்டி கோர்னரில் கோல் காப்பவரையும் சேர்த்து 5 பேர் கோல் கோட்டிலிருந்து பாய வேண்டும், அங்கே எடுபடுவது முதல் மூன்று எட்டு வேகம். மகளை அந்த முதல் ஓட்டத்தில் பழகச் சொல்லுங்கள், அணி மாஸ்டரின் கண்ணில் படுகிற இடம் அது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட 32 பேர். ஆகவே நம் பக்கத்தில் உயரம் பார்த்து அணி எடுப்பது பல நேரம் சின்ன வயதில் யார் வீட்டில் முட்டையும் பாலும் இருந்தது என்று பார்த்து எடுப்பதுதான். ஹட்டன் வாசகரே, உங்கள் குடும்பத்தில் யாரும் 5 அடி 7ஐத் தாண்டவில்லை என்றீர்களே, அதில் பரம்பரை எவ்வளவு, லயத்துச் சாப்பாடு எவ்வளவு? கனடாவில் வளர்கிற பையன் உங்களைக் குனிந்து பார்க்கிற நாள் வந்தாலும் வரும்.

கேள்வி: ஐயா, நீங்கள் ஐஸ் ஹொக்கி நேரில் பார்த்ததுண்டா?
– நுவரெலியா

பதில்: இல்லை. உங்கள் ஊரில் ஜனவரியில் புல்லில் விழுகிற உறைபனியில் ஒரு தடவை வழுக்கி விழுந்திருக்கிறேன். மற்றபடி எல்லாம் விடியற்காலை போனில் பார்ப்பதுதான், சிக்னல் இருந்தால்.

கேள்வி: கம்பியில் தொங்கினால் உயரம் கூடுமா?
– லிந்துலை மாணவன்

பதில்: கூடாது தம்பி. தொங்கும்போது முதுகெலும்பு கொஞ்சம் நீளும், இறங்கி நடந்தால் பழையபடி ஆகிவிடும். எலும்பு நுனியில் வளர்கிற பகுதி மூடும் வரைக்கும்தான் உயரம், அதற்கு வேண்டியது சாப்பாடும் தூக்கமும். ராத்திரி 1 மணி வரை போன் பார்த்துவிட்டு காலையில் கம்பியில் தொங்கிப் பலனில்லை. ஆனால் தொங்குவதை விடாதே, கைப்பிடி இறுகும், ஹொக்கி மட்டையைப் பிடிக்க அது உதவும்.