கல்யாண நேரலையை இந்தியா, மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்ட முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பாதுகாப்பு அதில் கிடைக்காது. கழுத்திருவும் (நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பூட்டுகிற பெரிய தங்கத் தாலி) பெண்ணுக்குச் சீராகப் பரப்பி வைக்கிற சாமான்களும் தெரியாதவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். காரைக்குடிப் பக்கம் நேரலை எடுத்துக் கொடுக்கிற என்னிடம் நிறைய வீடுகளில் கேட்பது இதைத்தான்.

போன வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். "அண்ணே, இது சரியா வராது" என்று எவ்வளவோ சொன்னேன். பெண்ணின் அப்பச்சி, அதாவது அப்பா, பிடிவாதமாக இருந்தார். சரி என்று அந்த மூன்று நாட்டுக்கு மட்டும் திறந்து வைத்தோம். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து பெண்ணின் அயித்தை அழுதுகொண்டே போன் செய்கிறார், உங்கள் நாட்டில் பார்க்க முடியாது என்று வருகிறதாம். அவர்கள் பார்த்தது வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப்பில். அந்தக் கம்பெனியின் இணைப்பு அமெரிக்கா வழியாக வெளியே போகிறது. துபாயில் விமானம் மாறக் காத்திருந்த அம்மான் மகனோ, நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டு முழுதும் பார்த்துவிட்டார். ரோமிங் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டு நெட்வொர்க்கைச் சுற்றித்தான் வரும். அதனால் அவர் இந்தியாவில் இருப்பதாகவே கணக்கு.

ஆள் எங்கே இருக்கிறார் என்பது நேரலைத் தளத்துக்குத் தெரியாது. அவரது இணைய இணைப்புக்கு உள்ள எண்ணை, அதாவது ஐபி முகவரியை, ஒரு பட்டியலோடு ஒப்பிட்டு நாட்டை ஊகிக்கிறது, அவ்வளவுதான். இணைப்பை வேறு நாடு வழியாகத் திருப்பிவிடுகிற விபிஎன் வைத்திருப்பவர் நினைத்த நாட்டுக்காரராக வந்து நிற்பார். இதனால் நாடு வாரிப் பூட்டே வீண் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பட உரிமையை நாடு நாடாக விற்கிறவர்களுக்கு அது தேவை. சிலர் நழுவினாலும் அவர்கள் வியாபாரம் நடக்கும். உங்களுக்கோ தப்பான ஒருவர் பார்த்தாலே வினை. குறிப்பிட்ட நெட்வொர்க்கின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்து, நெட்வொர்க் வாரியாகப் பூட்டுவதும் பல்கலைக்கழக வளாகம் போன்ற இடங்களுக்குத்தான் பொருந்தும். அங்கே முகவரிகள் அவர்கள் கையில் இருக்கின்றன. நம் உறவினர்கள் ஆளுக்கொரு இணைப்பில் இருக்கிறார்கள்.

      

உங்கள் விஷயத்துக்கு, நாட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து அனுமதி கொடுங்கள். அழைக்கிறவர்களின் மின்னஞ்சலைச் சேர்த்து, அவர்கள் மட்டும் உள்ளே வரும்படி வைக்கலாம். பெரியவர்களுக்கு முந்தின நாளே ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே வந்தவர் திரையைப் பதிவு செய்தால் தடுப்பது கஷ்டம். ஆகவே கழுத்திருவை நேரலையில் நெருக்கமாகக் காட்ட வேண்டாம் என்று கேமராக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆல்பத்துக்குத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.